தபால் பைகளின் மேல் படுத்து வன்னியைக் கடந்த வாசகர்: லெனார்ட் வுல்ஃப்

1905ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரம். கொழும்பிலிருந்து வடக்கே வந்த ரயில் அனுராதபுரத்தோடு நின்றது. காங்கேசன்துறையிலிருந்து தெற்கே வந்த தண்டவாளம் ஆனையிறவுப் பக்கத்தோடு நின்றது. இரண்டுக்கும் நடுவில் வன்னி கிடந்தது. காடு, குளம், மலேரியாக் காய்ச்சல், இடைக்கிடை ஒரு சிறு ஊர். இந்த இடைவெளியைக் கடக்க அரசாங்கம் ஓடவிட்ட வாகனத்துக்குப் பெயர் தபால் கோச். பெயர்தான் பெரிது. உண்மையில் அது ஒரு பெரிய மாட்டு வண்டி. வண்டியின் தட்டில் தபால் பைகளை அடுக்குவார்கள். பயணிகள் அந்தப் பைகளின் மேல் படுத்துக்கொண்டு வரவேண்டும்.

அப்படிப் படுத்து வந்தவர்களில் ஒருவர் 24 வயது ஆங்கிலேய இளைஞர். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவாகி, யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பழக அனுப்பப்பட்டவர். மூன்று கிழமைக்கு முன்னர்தான் கப்பலில் வந்து கொழும்பில் இறங்கியிருந்தார். அவர் நாட்டிலிருந்து கொண்டுவந்தவற்றில் இரண்டைப் பற்றி அவரைப் படித்த எல்லோரும் பேசுவார்கள். ஒன்று, சார்ள்ஸ் என்ற நாய். மற்றது, பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேயரின் முழுப் படைப்புகள். 18ஆம் நூற்றாண்டில் அச்சான பதிப்பு. பின்னாளில் அவரே எழுதிய கணக்கின்படி 90 தொகுதிகள்.

அந்த இளைஞர்தான் லெனார்ட் வுல்ஃப்.

எங்களில் பலருக்கு இந்தப் பெயர் இரண்டு வழியால் தெரியும். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு அவர் வேர்ஜினியா வுல்ஃபின் கணவர். அரசியல் படிக்கிறவர்களுக்கு, 1938இலேயே இலங்கைக்குச் சமஷ்டி பற்றி யோசிக்கச் சொன்ன வெள்ளைக்காரர். நான் இங்கே எழுத வருவது மூன்றாவது வழி. அவர் ஒரு வாசகர். தபாலில் வரும் புத்தகத்தோடும் கடிதத்தோடும் சீவியம் முழுவதையும் கழித்தவர். அந்த வாசிப்பு அவரை என்ன செய்தது, எதைச் செய்யவில்லை என்பதைப் பார்த்தால், மற்ற இரண்டு வழியாலும் தெரிந்த மனிதர் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிவார் என்று நினைக்கிறேன்.

கேம்பிரிட்ஜிலிருந்து கச்சேரிக்கு

லெனார்ட் வுல்ஃப் 1880 நவம்பர் 25ஆம் திகதி லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பன் வசதியான சட்டத்தரணி. ஆனால் 1892இல், லெனார்டுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். தாய்க்கு ஒன்பது பிள்ளைகள். குடும்பம் இருந்த பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு மாறியது. அதன்பிறகு லெனார்ட் படித்ததெல்லாம் புலமைப்பரிசிலில்தான்.

1899இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். அங்கே கிடைத்த நண்பர்கள் எல்லோரும் புத்தகப் பைத்தியங்கள். லிட்டன் ஸ்ட்ரேச்சி பின்னாளில் பெயர்பெற்ற வாழ்க்கை வரலாற்று எழுத்தாளர். மேனார்ட் கெய்ன்ஸ் பின்னாளில் உலகறிந்த பொருளியலாளர். தோபி ஸ்டீபன் என்ற இன்னொரு நண்பரின் தங்கைதான் வேர்ஜினியா.

1904இல் லெனார்ட் சிவில் சேவைப் பரீட்சை எழுதினார். லண்டனிலேயே நல்ல பதவி பெறும் அளவுக்குப் புள்ளிகள் வரவில்லை. குடியேற்ற நாட்டுச் சேவை கிடைத்தது. கிடைத்த நாடு இலங்கை. அதிலும் வடக்கு.

யாழ்ப்பாணத்தில் கோட்டை மதிலோடு ஒட்டிய ஒரு பங்களாவில் இன்னோர் அதிகாரியுடன் தங்கினார். அப்போது வட மாகாண அரசாங்க அதிபராக இருந்தவர் ஜே. பி. லூயிஸ். வன்னி மாவட்டங்கள் பற்றி 1895இல் வெளிவந்த கைந்நூலை எழுதியவர் இவரே. எங்கள் குளங்கள், ஊர்ப் பெயர்கள், பழைய வன்னிமைகள் பற்றி எழுதுகிற எவரும் இன்றும் தட்டிப் பார்க்கிற புத்தகம் அது. பழம்பொருள்களில் ஆர்வம் கொண்ட அந்த அதிபருக்குக் கீழேதான் வுல்ஃப் கச்சேரி வேலையைக் கற்றார்.

அதே 1905 ஓகஸ்ட்டில் வடபகுதி ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. தபால் பைகள் ரயிலுக்கு மாறின. எட்டு மாதம் பிந்தி வந்திருந்தால் வுல்ஃப் வன்னியை ரயில் யன்னலால் மட்டும் பார்த்திருப்பார். மாட்டு வண்டியில் வந்ததால், இருட்டில் காடு எப்படி ஒலிக்கும், பாதை எவ்வளவு நீளம் என்பது அவருக்குத் தெரிந்தது. 56 வருடங்களுக்குப் பிறகு, 1961இல் வெளிவந்த தன்வரலாற்றின் இரண்டாம் பாகத்தில் அந்தப் பயணத்தை அவர் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

கடிதங்களும் 90 தொகுதிகளும்

யாழ்ப்பாணத்தில் இருந்த வெள்ளைக்காரரின் மாலைப் பொழுது டென்னிஸ், குடி, ஊர்வம்பு என்று கழிந்தது. வுல்ஃபும் அதில் கலந்துகொண்டார். கலக்காமல் இருந்தால் அந்தச் சின்னக் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை. ஆனால் அவருடைய மனம் கப்பல் தபாலில் இருந்தது. கேம்பிரிட்ஜ் நண்பர்களின் கடிதங்கள், முக்கியமாக ஸ்ட்ரேச்சியின் கடிதங்கள், கடல் தாண்டி வரக் கிழமைக்கணக்கில் செல்லும். யார் என்ன எழுதுகிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்ற செய்தி அதில் இருக்கும். அது வந்து சேரும்போது அங்கே அது பழைய செய்தி. இவருக்கு அதுதான் புதியது. பதிலுக்கு இவர் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் இருண்டவை. தனிமை, வெயில், அலுப்பு, வேலை. 1905இல் நெருப்புக் காய்ச்சலும் வந்து படுத்தெழும்பினார்.

பாதை பூட்டியிருந்த காலத்தில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த நிலை விளங்கும். வெளியிலிருந்து ஒரு சஞ்சிகை வந்தால் அது எத்தனை மாதம் பழையது என்று நாங்கள் பார்த்ததில்லை. கைக்குக் கிடைத்த நாள்தான் அதன் திகதி. மட்டை கழன்ற பிறகும் ஒரு புத்தகம் கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. வுல்ஃப் தனிமையில் இருந்தாலும் ஆளுகிறவர்களின் பக்கத்தில் இருந்தார். அவர் தலைக்கு வைத்துப் படுத்து வந்த தபால் பைகள் வன்னி ஊர்களுக்கூடாகப் போயின. அந்த ஊர்ச் சனங்களுக்கென்று அதில் பெரிதாக எதுவும் இருந்திருக்காது.

புத்தகம் படித்த மனிதர் என்பதால் அவர் மென்மையான அதிகாரியாக இருந்தார் என்று யாரும் எண்ண வேண்டாம். கச்சேரியில் அவர் கொண்டுவந்த ஒழுங்கு ஒன்று பெயர்போனது. வந்த கடிதத்துக்கு வந்த நாளிலேயே பதில் போகவேண்டும். எழுதுவினைஞர்கள் முணுமுணுத்தார்கள். அவர் விடவில்லை. இன்று ஒரு காணிக் கடிதத்துக்குப் பதில் வரும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கும் எங்கள் சனங்களுக்கு அந்த ஒழுங்கு நல்லதாகத்தான் படும். ஆனால் அவர் அதைச் செய்த விதம் கடுமையானது. பிற்காலத்தில் அதை அவரே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு எதிராக ஒரு முறைப்பாடும் எழுந்தது. பிரதான வீதியில் குதிரையில் போகும்போது ஒரு தமிழ்ச் சட்டத்தரணியின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் ஆளுநருக்கு எழுதியது. தான் அடிக்கவில்லை, சவுக்கை நீட்டி எதையோ காட்டினேன் என்பது வுல்ஃபின் விளக்கம். இந்தச் சம்பவத்தைத் தன்வரலாற்றில் அவர் மறைக்கவில்லை. அடித்தாரா இல்லையா என்ற கேள்வியைத் தாண்டி, அந்தச் சனங்கள் அப்படி நம்பியது ஏன் என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். குதிரையின் மேல் இருக்கிற ஒருவனின் கை எங்கே நீண்டாலும், கீழே நிற்கிறவனுக்கு அது அடியாகத்தான் தெரியும். ஏகாதிபத்தியம் பற்றி அவருக்கு முதல் சந்தேகம் விழுந்த இடம் யாழ்ப்பாணம் என்று அவருடைய எழுத்தை வைத்துச் சொல்லலாம்.

மரிச்சுக்கட்டியும் அம்பாந்தோட்டையும்

1906இன் முதல் மாதங்களில் மன்னார் மாவட்டத்தின் மரிச்சுக்கட்டிக்கு முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டார். ஆளில்லாத கடற்கரையில் சில கிழமைக்கு ஒரு பெரிய நகரம் முளைத்தது. தமிழர், முஸ்லிம்கள், அரபு நாட்டுச் சுழியோடிகள், இந்திய வியாபாரிகள் என்று பல்லாயிரம் பேர். சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு முத்து எடுப்பார்கள். அந்த நாற்றத்துக்குள் இருந்து அரசாங்கத்தின் பங்கைப் பிரித்து எடுப்பது இவருடைய வேலை. பிற்காலத்தில் இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். யாழ்ப்பாணத்துச் சாதிப் பிடிவாதத்தை வைத்து இரண்டு பிராமணர் பற்றி இன்னொரு கதை. இரண்டும் 1921இல் ஒரே நூலாக வந்தன. அதை அச்சிட்டது அவரும் மனைவியும் சேர்ந்து நடத்திய சொந்த அச்சகம். அந்த அச்சகத்தின் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

1907இல் கண்டிக்கும், 1908இல் உதவி அரசாங்க அதிபராக அம்பாந்தோட்டைக்கும் மாற்றப்பட்டார். அங்கே உப்பு, மாட்டு நோய், சேனைப் பயிர், பாதை, பள்ளிக்கூடம், வழக்கு என்று எல்லாமே அவர் கையில். ஒவ்வொரு நாளும் எழுதிய உத்தியோக நாட்குறிப்புகள் பின்னாளில் அச்சில் வந்தன. 1911 மே மாதம் விடுமுறையில் இங்கிலாந்து போனவர் உத்தியோகத்துக்குத் திரும்பவில்லை. 1912இல் பதவி விலகினார். அதே வருடம் ஓகஸ்ட்டில் வேர்ஜினியாவைத் திருமணம் செய்தார்.

1913இல் வந்த அவருடைய நாவல் காட்டுக்குள் இருக்கும் ஒரு சிங்களக் கிராமத்தின் கதை. வரட்சியும் கடனும் பொய் வழக்கும் சேர்ந்து ஒரு குடும்பத்தை அழிக்கின்றன. கடைசியில் காடு வந்து ஊரையே மூடிவிடுகிறது. ஆளவந்த ஓர் அதிகாரி, ஆளப்பட்டவனின் வீட்டுக்குள் இருந்து பார்த்து எழுதிய கதை என்பதால் இன்றும் அது பேசப்படுகிறது. அதைப் படிக்கும்போது எனக்கு மீள்குடியேற்றத்துக்குப் போன நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. வளவு எது, ஒழுங்கை எது என்று தெரியாமல் பற்றை மூடிக் கிடந்த ஊர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கங்கள் கற்பனையாகத் தெரியாது.

வன்னிக் காட்டைப் பற்றி வுல்ஃப் அப்படி ஒரு நாவல் எழுதவில்லை. வன்னி அவருக்குக் கடந்துபோன பாதை மட்டுமே. அதை எழுத வன்னியிலேயே ஒருவர் பிறக்க வேண்டியிருந்தது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் நிலக்கிளி 1973இல் வந்தது. இரண்டு நாவலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், காட்டை வெளியாள் பார்ப்பதற்கும் அதற்குள் வாழ்கிறவன் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் விளங்கும்.

கிழமைதோறும் வந்த புத்தகங்கள்

வுல்ஃப் தபால் பைகளின் மேல் படுத்து ஆனையிறவுக்குப் போன அதே 1905இல், லண்டனில் வேர்ஜினியாவின் வீட்டுக்கு வேறொரு தபால் வரத் தொடங்கியிருந்தது. டைம்ஸ் பத்திரிகையின் இலக்கிய இணைப்பு அவருக்குப் புதுப் புத்தகங்களை அனுப்பி மதிப்புரை கேட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பொதிகள் வந்தன. பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. தகப்பனின் நூலகமும், தபாலில் வந்த புத்தகங்களும்தான் அவருடைய பல்கலைக்கழகம்.

திருமணத்துக்குப் பிறகு அவருடைய மனநோய் கடுமையானது. கையால் செய்யும் வேலை ஒன்று இருந்தால் மனதுக்கு ஆறுதல் என்று லெனார்ட் யோசித்தார். அச்சுக்கலை கற்கப் போனார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்த பயிலுநர் அல்லாதவர்களுக்குக் கற்பிக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். 1917 மார்ச் மாதம் லண்டனில் ஒரு கடை யன்னலில் சிறிய கை அச்சு இயந்திரம் ஒன்றைக் கண்டு வாங்கினார்கள். கூடவே கொடுத்த 16 பக்கக் கைநூலைப் பார்த்துத் தாங்களாகவே பழகினார்கள். லெனார்டுக்குப் பிறவியிலிருந்தே கை நடுங்கும். அதனால் எழுத்துக் கோப்பது வேர்ஜினியாவின் வேலை, இயந்திரத்தை இயக்குவது லெனார்டின் வேலை. ரிச்மண்டில் ஹோகார்த் ஹவுஸ் என்ற வீட்டுச் சாப்பாட்டு அறையில் தொடங்கியதால் அதற்கு ஹோகார்த் அச்சகம் என்று பெயர். முதல் வெளியீடு இருவரும் ஆளுக்கொரு கதை எழுதிய சிறு நூல், 150 பிரதிகள்.

விற்பனை எல்லாம் தபாலில்தான். முன்பணம் கட்டிய சந்தாதாரருக்கு, வெளிவரும் ஒவ்வொரு நூலும் வீடு தேடிப் போகும். இன்னொரு வகைச் சந்தாதாரருக்கு நூல் வந்த செய்தி மட்டும் போகும், விரும்பினால் வாங்கலாம். பொதி கட்டுவது, நூல் சுற்றுவது, முத்திரை ஒட்டுவது எல்லாம் அவர்களே. 1919இல் வேர்ஜினியாவின் ஒரு சிறு கதைநூலுக்கு டைம்ஸ் இலக்கிய இணைப்பில் நல்ல மதிப்புரை வந்தது. அந்த நேரம் இருவரும் நாட்டுப்புறத்தில் இருந்தார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, நடை முழுவதும் புத்தகம் கேட்டு வந்த கடித உறைகள் சிதறிக் கிடந்தன. சாப்பாட்டு அறையில் அச்சடித்த பிரதிகள் போதாமல் வெளி அச்சகத்தில் மறுபதிப்புப் போடவேண்டி வந்தது.

அந்தச் சின்ன அச்சகம் பெரிய பதிப்பகமானது. ரி. எஸ். எலியட்டின் கவிதைகள் அங்கிருந்து வந்தன. 1924இலிருந்து பிராய்டின் உளப்பகுப்பாய்வு நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தன. கென்யாவில் வெள்ளைக்காரர் நிலம் பறித்ததை எழுதிய நோர்மன் லீஸின் நூலும், மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சுயாட்சி கேட்ட சி. எல். ஆர். ஜேம்ஸின் நூலும், டெல்லியின் அஹமத் அலி எழுதிய நாவலும் வந்தன. குடியேற்ற நாடுகளின் குரலுக்கு லண்டனில் இடம் தேடிக் கொடுத்தவர்களில் இந்த முன்னாள் யாழ்ப்பாணக் கச்சேரி அதிகாரியும் ஒருவர்.

1923இல் நண்பர் கெய்ன்ஸின் பொறுப்பில் வந்த நேஷன் அன்ட் அதீனியம் என்ற வார இதழுக்கு லெனார்ட் இலக்கிய ஆசிரியரானார். 1930 வரை அந்த வேலை. பதிப்பகங்கள் அனுப்பும் புதுப் புத்தகங்கள் கிழமைதோறும் மேசையில் குவியும். எதை மதிப்புரைக்குக் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது, எதை விடுவது என்று அவர்தான் முடிவு செய்வார். அதற்கு மேல், புத்தக உலகம் பற்றி ஒரு பக்கம் அவரே எழுதுவார். ஒவ்வொரு கிழமையும். வரலாறு, அரசியல், கவிதை, பயணம் எதுவும் அவருக்கு அந்நியம் இல்லை.

இப்படி ஏழு வருடம் எழுதுவது லேசான காரியம் அல்ல. புத்தகம் வரும் வேகத்துக்கு மனிதன் படிக்க முடியாது. மட்டையைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வுல்ஃப் கச்சேரியில் கற்ற பழக்கத்தை இங்கே கொண்டுவந்தார் என்பது என் எண்ணம். வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டும் என்பதுபோல, வந்த புத்தகத்துக்கும் ஒரு நேர்மையான பதில் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் எழுதுவினைஞர்களை வாட்டிய அதே கண்டிப்பு, இங்கே அவரைத் தன் மேலேயே கண்டிப்பாக வைத்தது.

குண்டு விழுந்த வீடு

1940 செப்டெம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டனை இரவு இரவாகத் தாக்கின. வுல்ஃப் தம்பதியும் அச்சகமும் அப்போது மெக்லன்பர்க் சதுக்கத்தில் இருந்தன. அங்கே குண்டு விழுந்து யன்னல்கள் பறந்தன, கூரைத்தட்டுகள் இடிந்தன. அடுத்த மாதம், அவர்கள் முன்னர் பதினைந்து வருடம் வாழ்ந்த டவிஸ்டொக் சதுக்க வீடு முழுதாகத் தரைமட்டமானது. போய்ப் பார்த்தார்கள். இருந்த வீட்டில் இறாக்கைகள் சரிந்து புத்தகங்கள் தரையெல்லாம் கிடந்தன. தூசும் சீமெந்தும் கண்ணாடியும். வேர்ஜினியா அதற்குள் கிளறித் தன் நாட்குறிப்புகளை, 24 தொகுதிகளை, மீட்டெடுத்தார். மிஞ்சிய புத்தகங்களையும் பழைய அச்சு இயந்திரத்தையும் ரொட்மெல் என்ற கிராமத்துக்கு ஏற்றினார்கள். வீட்டில் இடம் போதாமல் ஊருக்குள் வாடகைக்கு இடம் எடுத்து அடுக்கினார்கள்.

இதற்கு மேல் விளக்கம் எங்களுக்குத் தேவையில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று இரண்டு நிமிடத்தில் முடிவு செய்தவர்கள் நாங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூடைக்கும் தறப்பாளுக்கும் நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தைச் செருகியவர்கள் இருந்தார்கள். அடுத்த இடப்பெயர்வில் அதையும் பங்கருக்குள் விட்டுவிட்டு வந்தார்கள். வுல்ஃபுக்கு ஏற்றி அனுப்ப வண்டி இருந்தது, இறக்கி வைக்க அமைதியான ஊர் இருந்தது. எங்களுக்கு ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊருக்கான பாதைதான்.

1941 மார்ச் 28ஆம் திகதி வேர்ஜினியா ரொட்மெலுக்கு அருகிலுள்ள ஆற்றில் இறங்கி உயிரை விட்டார். போர், நோய் திரும்பி வருகிறது என்ற பயம், இடிந்த வீடு எல்லாம் அதன் பின்னால் இருந்தன. லெனார்டுக்கு அப்போது அறுபது வயது. அவர் அச்சகத்தை மூடவில்லை. அது ஏற்கெனவே லண்டனை விட்டு லெச்வேர்த் என்ற ஊருக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டிருந்தது. அங்கிருந்து நூல்கள் தொடர்ந்து வந்தன. வேர்ஜினியா விட்டுச்சென்ற கட்டுரைகளையும் கதைகளையும் நாட்குறிப்பின் பகுதிகளையும் ஒவ்வொன்றாகத் தொகுத்து வெளியிட்டார். துக்கம் காத்தவர் செய்த வேலை அது.

1938இல் எழுதிய குறிப்பு

தமிழர்களாகிய எங்களுக்கு வுல்ஃபின் வாழ்க்கையில் மிகவும் முக்கியமான பக்கம் இதுதான். பிரித்தானியத் தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுவுக்கு அவர் பல வருடம் செயலாளர். இலங்கையை விட்டுப் போன பிறகும் இலங்கை பற்றிய ஆவணங்களையும் அறிக்கைகளையும் அவர் படிப்பதை நிறுத்தவில்லை. 1915 கலவரத்தின்போது அரசாங்கம் நடத்திய அடக்குமுறை பற்றி விசாரணை வேண்டும் என்று இலங்கைத் தலைவர்கள் லண்டனில் முயன்றபோது அவர்களுக்குத் துணைநின்றார்.

1931 டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கியது. 1936இல் அமைச்சரவை முழுவதும் சிங்கள அமைச்சர்களாலேயே அமைந்தது. இந்தப் பின்னணியில் 1938இல் இலங்கைச் சீர்திருத்தம் பற்றி வுல்ஃப் கட்சிக்கு ஒரு குறிப்பு எழுதினார். சுயாட்சி வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு இல்லாத சுயாட்சி போதாது என்றார். பரந்த அதிகாரப் பகிர்வையோ, சுவிட்சர்லாந்தைப் போன்ற சமஷ்டி முறையையோ ஆராய வேண்டும் என்று எழுதினார். தமிழரசுக் கட்சி தொடங்குவதற்குப் பதினொரு வருடத்துக்கு முன்னர் எழுதப்பட்ட குறிப்பு அது.

அவர் வடக்கிலும் வேலை செய்தவர், மலைநாட்டிலும் தெற்கிலும் வேலை செய்தவர். தமிழில் பரீட்சை எழுதியவர், சிங்களமும் கற்றவர். ஒரே தீவில் வெவ்வேறு வாழ்க்கை இருப்பதைக் கண்ணால் பார்த்தவர். கண்ணால் கண்டதோடு மட்டும் இருந்திருந்தால் அது ஒரு பழைய அதிகாரியின் ஞாபகமாகவே முடிந்திருக்கும். பிற நாடுகளின் வரலாற்றையும் அரசியலமைப்பையும் விடாமல் படித்ததால் அது ஒரு யோசனையானது. அந்த யோசனையை யாரும் கையில் எடுக்கவில்லை. சோல்பரி அரசியலமைப்பு ஒற்றையாட்சியாகவே வந்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இவரைத் தமிழரின் நண்பர் என்று சிலர் எளிதாக எழுதிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர் மிகவும் நெருக்கமாக எழுதியது தெற்கின் ஏழைச் சிங்களக் கிராமத்தைப் பற்றி. எங்களை அவர் நேசித்தார் என்பதற்காக அந்தக் குறிப்பு பெறுமதியாகவில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் படித்த ஒருவருக்கும் அந்த முடிவுதான் தெரிந்தது என்பதுதான் அதன் பெறுமதி.

திரும்பி வந்த கிழவர்

1960 பெப்ரவரியில், தன் 79ஆவது வயதில், வுல்ஃப் மீண்டும் இலங்கைக்கு வந்தார். வரவேற்பு பெரிதாக இருந்தது. யாழ்ப்பாணத்தையும் போய்ப் பார்த்தார். ஆனால் அந்தப் பயணத்தில் அவரை உலுக்கியது வேறொன்று. அம்பாந்தோட்டையில் அவருக்குக் கீழே வேலை செய்த, தள்ளாத வயதுடைய ஒரு முன்னாள் முதலியார் அவரைத் தேடி வந்தார். ஐம்பது வருடத்துக்கு முன், மாட்டு நோய்க் காலத்தில் வுல்ஃப் எடுத்த ஒரு நடவடிக்கையை நினைவுபடுத்தி, அது நியாயமா என்று முகத்துக்கு நேரே கேட்டார். அந்தக் கேள்வியை வுல்ஃப் தன் கடைசிப் புத்தகத்தில் பதிந்து வைத்திருக்கிறார். பதில் சொல்லவேண்டியவர்கள் எதிரில் இருக்கும்போதே கேள்வி கேட்கக் கிடைத்தது அந்த முதியவரின் பாக்கியம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டிலில் இருக்கும் தாய்மாருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

1969 ஓகஸ்ட் 14ஆம் திகதி லெனார்ட் வுல்ஃப் ரொட்மெலில் இறந்தார். வயது 88. தன்வரலாற்றின் ஐந்தாவது, கடைசிப் பாகம் அதே வருடம் வெளிவந்தது. அவரும் வேர்ஜினியாவும் சேர்த்த ஆயிரக்கணக்கான புத்தகங்களை அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாக்கிறது. குண்டு வீழ்ந்த வீட்டில் தரையில் கிடந்து தப்பியவையும் அவற்றோடு சேர்த்திதான்.

வுல்ஃப் மாட்டு வண்டியில் கடந்த இடைவெளி 1905இல் ரயிலால் நிரப்பப்பட்டது. 1990இல் அதே இடைவெளி திரும்பவும் விழுந்தது. வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளமே இல்லாமல் போனது. சிலிப்பர் கட்டைகள் பங்கருக்குள் போயின. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பியது. இப்போது புத்தகப் பொதி ஓரிரு நாளில் வந்து சேர்கிறது. நூலகம் இணையத்தளத்தில் நிலக்கிளியைக் கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம்.

புத்தகம் வருவது இன்று பெரிய விசயமில்லை. வந்ததைப் பிரித்து, படித்து, அதற்கு ஒரு பதில் எழுதுகிறவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. எங்கள் வளவும் குளமும் பாதையும் பற்றி வெளியார் எழுதியது நிறைய இருக்கிறது. லூயிஸின் கைந்நூலில் இருந்து நேற்று வந்த அறிக்கை வரை. அவற்றைப் படித்து, சரியானதைச் சரி என்றும் பிழையானதைப் பிழை என்றும் சொல்லவேண்டிய வேலை வன்னியில் இருக்கிறவர்களுடையது. அதற்கு 90 தொகுதிகள் தேவையில்லை. கிழமைக்கு ஒன்று போதும்.